ஜே-வளைவு படிக்க வருகிறவர்களுக்கு: மூன்று எண்களிலிருந்து தொடங்குங்கள்

எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஆராய்ச்சிப் பக்கம் போகலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்பாடியில் என் வீட்டு மாடிக்கு வருவார்கள். காலை ஆறரைக்கே ஆரம்பித்துவிடுவோம். வேலூர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை; ஒன்பது மணிக்கு மேல் மாடியில் கரும்பலகையைத் தொட்டாலே கை சுடும்.

அங்கே அடிக்கடி வருகிற கேள்வி, நாலு பரிமாண சிம்ப்ளெக்டிக் வடிவியலில் வரும் போலி ஹோலோமார்ஃபிக் வளைவுகளை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்பது. இனி இவற்றை ஜே-வளைவு என்றே சொல்கிறேன், வாய்க்கு எளிது. மிகைல் குரோமோவ் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் கருவி வந்தது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்று நேராக அதில் இறங்கியவர்கள் பலர் இரண்டாம் பக்கத்திலேயே கரையேறிவிடுவார்கள்.

நான் வேறு விதமாக மாட்டிக்கொண்டேன். முதல் வருடம் முழுக்க சோபலெவ் வெளி, நீள்வட்ட வகையீட்டுச் சமன்பாடு, ஃபிரெட்ஹோம் கோட்பாடு என்று அடித்தளத்தையே தோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு கருத்தரங்கில் பெரியவர் ஒருவர் சாதாரணமாகக் கேட்டார்: "தளத்தில் இரண்டாம் படி வளைவுக்கு இண்டெக்ஸ் எவ்வளவு வரும்?" எட்டு மாதம் படித்தவன் பதில் தெரியாமல் நின்றேன். பதில் 10. (படி என்றால் வளைவின் சமன்பாட்டு டிகிரி; இண்டெக்ஸ் என்றால் வளைவு நகர எத்தனை பரிமாணச் சுதந்திரம் என்பது. நாலாம் படியில் பார்ப்போம்.) அரை நிமிடக் கணக்கு. அதனால்தான் இந்த வழிகாட்டியில் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். நாலு பரிமாணத்தில் மூன்று முழு எண்களைக் கூட்டிக் கழிக்கத் தெரிந்தாலே வெகுதூரம் போகலாம். பகுப்பாய்வு பிறகு வரட்டும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

கலப்பெண் பகுப்பாய்வில் கோஷி–ரீமான் சமன்பாடுகள், வகையீட்டு வடிவங்களைத் தொகையிடும் பழக்கம், ஹோமாலஜி என்றால் என்ன என்று ஓரளவு. இவ்வளவு போதும். ஹோமாலஜி நம் பக்கத்துக் கல்லூரிகளில் மூன்றாவது விருப்பப் பாடமாகக்கூட இல்லாமல் போகலாம், பரவாயில்லை. இங்கே ஹோமாலஜி வகுப்பு என்று வருகிற இடத்திலெல்லாம் "வெளிக்குள் ஒரு மூடிய பரப்பு எப்படிச் சுற்றிக் கிடக்கிறது என்பதற்கான விலாசம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு என்ற சொல்லை நான் வெளி என்றுதான் எழுதப் போகிறேன்.

முதல் படி: நிழலை அளக்கப் பழகுங்கள்

நாலு பரிமாண வெளியில் இரண்டு தளங்கள் இருப்பதாக வையுங்கள். முதல் தளத்தில் ஒரு துகளின் இடமும் உந்தமும், இரண்டாவது தளத்தில் இன்னொரு துகளின் இடமும் உந்தமும். இந்த வெளியில் ஒரு சிறு பரப்புத் துண்டை எடுத்து, முதல் தளத்தில் விழும் அதன் நிழலின் பரப்பளவையும் இரண்டாவது தளத்தில் விழும் நிழலின் பரப்பளவையும் கூட்டுங்கள். வலச்சுற்றா இடச்சுற்றா என்பதைப் பொறுத்துக் கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி போட வேண்டும். இந்தக் கூட்டுத்தொகைதான் ஒமேகா. சிம்ப்ளெக்டிக் வடிவம் என்று பயமுறுத்துகிற பெயர் அதற்கு.

முதல் துகளின் இடம், இரண்டாம் துகளின் இடம் ஆகிய இரண்டு திசைகளில் மட்டும் ஒரு சதுரத்தை விரித்தால் இரண்டு தளத்திலும் அதன் நிழல் வெறும் கோடு. ஒமேகா பூஜ்யம். இதை ஒரு ஓரமாகக் குறித்துவையுங்கள், கடைசியில் பூசணிக்காய் வரும்போது தேவைப்படும்.

டார்பூ தேற்றம் சொல்வது இது: எந்த நாலு பரிமாண சிம்ப்ளெக்டிக் வெளியை எடுத்தாலும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இதே மாதிரிதான் இருக்கும். வளைவு, மேடு பள்ளம் என்று உள்ளூரில் அளக்க ஒன்றுமில்லை. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அது மாதிரி, கிட்டப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது. முழு வெளியையும் ஒரு பரப்பு சுற்றி வந்தால்தான் ஏதாவது தகவல் கிடைக்கும். அப்படிச் சுற்றி வருகிற ஆள்தான் ஜே-வளைவு. கலப்பெண் கணக்கில் ஒரே பரிமாணம் என்பதால் பெயர் வளைவு; நிஜத்தில் அது இரண்டு பரிமாணப் பரப்பு.

இரண்டாம் படி: ஜே

ஒவ்வொரு புள்ளியிலும் திசைகளை 90 பாகை திருப்பும் ஒரு விதி வேண்டும். இரண்டு முறை திருப்பினால் நேர் எதிர்த்திசை. அதாவது ஜே-யின் வர்க்கம் −1. கலப்பெண்களில் ஐ-யால் பெருக்குவது இதைத்தான் செய்கிறது (ஐ என்பது −1-இன் வர்க்கமூலம்). ஒரே ஒரு நிபந்தனை: எந்தத் திசையையும் அதன் திருப்பத்தையும் சேர்த்து விரிக்கும் துண்டுக்கு ஒமேகா பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஜே-யை ஒமேகாவுக்கு அடங்கிய ஜே என்பார்கள்.

இது எப்போதும் கிடைக்கும், ஏராளமாகக் கிடைக்கும், ஒரு ஜே-யிலிருந்து இன்னொரு ஜே-க்குத் தடையில்லாமல் நகர்ந்து போகலாம். குரோமோவின் சாமர்த்தியம் இங்கேதான். ஜே நாம் கொண்டுவந்து வைத்த சாரம், கட்டடம் ஒமேகா. சாரத்தை மாற்றிக் கட்டினாலும் மாறாத எண் ஏதாவது கிடைத்தால் அது கட்டடத்தைப் பற்றிய எண்.

"அப்புறம் ஏன் சார் போலி என்கிறார்கள்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. பொதுவான ஜே-யை எடுத்தால் அந்த வெளியின் மேல் கலப்பெண் ஆயத்தொலைவுகள் கிடைக்காது. வெளியிலிருந்து கலப்பெண்களுக்குப் போகும் ஹோலோமார்ஃபிக் சார்பு, உள்ளூரில்கூட, மாறிலியைத் தவிர ஒன்றும் இல்லாமல் போகலாம். ஆனால் கலப்பெண் தளத்திலிருந்து வெளிக்குள் வருகிற படங்கள் தாராளமாக உண்டு. காரணம் வெறும் எண்ணிக்கைதான்: இரண்டு மாறிகளில் நாலு சார்புகள் தெரியவில்லை, சமன்பாடும் நாலு. சரியாகப் பொருந்துகிறது. வளைவுக்குப் பதிலாக இரண்டு கலப்பெண் பரிமாணப் பரப்பை அனுப்பினால் தெரியாதவை நாலு, சமன்பாடு எட்டு. தீர்வு கிடைப்பது அதிர்ஷ்டம்.

மூன்றாம் படி: ஒரே ஒரு உதாரணத்தைக் கையால் முடியுங்கள்

இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். பேனா எடுங்கள்.

க என்பது கலப்பெண் மாறி; க = ப + ஐ·ம. படம்: க-வை (க, க²) என்ற புள்ளிக்கு அனுப்புங்கள். ப பக்கம் நகர்ந்தால் திசை (1, 2க). ம பக்கம் நகர்ந்தால் திசை (ஐ, 2ஐ·க). இரண்டாவது திசை முதல் திசையின் ஐ மடங்கு. அதாவது "ம பக்கத் திசை = ஜே × ப பக்கத் திசை". ஜே-வளைவின் சமன்பாடு இவ்வளவேதான். கோஷி–ரீமானைக் கொஞ்சம் பெரிய வீட்டுக்குக் குடிவைத்தது.

இப்போது க ஓரலகு வட்டத்தட்டுக்குள் மட்டும் ஓடட்டும். இந்தப் பரப்பின் பரப்பளவு என்ன? பொறுமைசாலிகள் தொகையிடலாம்: 1 + 4 × (க-வின் மட்டின் வர்க்கம்) என்பதை வட்டத்தட்டின் மேல் தொகையிட்டால் பை + 2பை = 3பை. சோம்பேறிகள் நிழலைப் பார்க்கலாம்: முதல் தளத்தில் நிழல் வட்டத்தட்டை ஒரு முறை மூடுகிறது, பை, இரண்டாவது தளத்தில் க² அதே தட்டை இரண்டு முறை மூடுகிறது, 2பை. மொத்தம் 3பை.

இரண்டு வழியும் ஒத்துப்போனது தற்செயல் இல்லை. ஜே-வளைவுக்கு நிஜப் பரப்பளவும் ஒமேகாவின் தொகையீடும் ஒன்று (ஜே கொஞ்சம் ஒழுங்காக, ஒமேகாவோடு முழுக்கப் பொருந்தியிருந்தால்). ஒமேகாவின் தொகையீடு மூடிய பரப்பின் விலாசத்தை மட்டுமே பொறுத்தது. ஆக, வளைவைக் கண்ணால் காணும் முன்பே அதன் பரப்பளவு நமக்குத் தெரியும். ராணிப்பேட்டை தோல் மண்டியில் தோலை விரித்து அளக்காமல் சதுர அடி சொன்னால் யாராவது நம்புவார்களா? இங்கே சொல்லலாம். அதே விலாசத்தில் இருக்கிற பரப்புகளிலேயே இதற்குத்தான் மிகக் குறைந்த பரப்பளவு என்பதும் கூடவே கிடைக்கிறது.

நாலாம் படி: மூன்று எண்கள்

இதுதான் கட்டுரையின் நடுப்பகுதி, இங்கே கொஞ்சம் உட்காருவோம்.

நாலு பரிமாணத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. இரண்டு பரப்புகள், 2 + 2 = 4; பொதுவாகப் புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும், அந்தப் புள்ளிகளை எண்ணலாம். ஆறு பரிமாணத்தில் இரண்டு பரப்புகளைப் போட்டால் ஒன்றையொன்று பார்க்காமலே போய்விடும். அதனால் நாலில்தான் இந்தக் கோட்பாடு மிகக் கூர்மையாக இருக்கிறது.

ஒரு வளைவுக்கு மூன்று எண்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

து: துளைகள் எத்தனை. கோளத்துக்கு 0, மெதுவடைக்கு 1.

த: தன்வெட்டு எண். பரப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் பழைய இடத்தோடு எத்தனை முறை வெட்டும், குறியோடு சேர்த்து.

செ: செர்ன் எண். வளைவின் நெடுக, சுற்றியுள்ள வெளியின் திசைகள் எத்தனை முறுக்கு முறுக்கிக்கொள்கின்றன என்பது.

செர்ன் எண் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு: தன்னைத்தானே வெட்டாத வழுவழுப்பான வளைவாக இருந்தால் முறுக்கு இரண்டு பாகமாகப் பிரிகிறது. வளைவோடு ஓடும் திசைகளின் முறுக்கு 2 − 2து. வளைவுக்குக் குறுக்கே இருக்கும் திசைகளின் முறுக்கு த. எனவே

செ = 2 − 2து + த.

வளைவு தன்னைத்தானே சில இடங்களில் வெட்டினால் அந்த இடங்களின் எண்ணிக்கையை இரட்டித்துக் கழிக்க வேண்டும்: செ = 2 − 2து + த − 2 × (தன் மேலேயே விழுந்த இடங்கள்). கூர்முனை இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. பூஜ்யம் என்றால் வளைவு சுத்தமாகப் பதிந்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய பெயர் அட்ஜங்க்ஷன் சூத்திரம்.

இன்னொரு சூத்திரம் இண்டெக்ஸுக்கு. இந்த வளைவு எத்தனை மெய்ப் பரிமாணச் சுதந்திரத்தோடு நகரலாம்?

இண்டெக்ஸ் = 2செ + 2து − 2.

"இந்தப் புள்ளி வழியாகப் போ" என்று ஒரு கட்டளை போட்டால் இரண்டு பரிமாணம் செலவாகும். அவ்வளவுதான். கலப்பெண் வீழ்ப்புத் தளத்தில் (இரண்டு கலப்பெண் ஆயங்கள் உள்ள வெளியை முடிவிலியில் ஒரு கோடு சேர்த்து மூடியது) ஓட்டிப் பாருங்கள். அங்கே கோட்டுக்கு த = 1, செ = 3. படி இரண்டானால் த = 4, செ = 6; பொதுவாகப் படியின் வர்க்கம், படியின் மூன்று மடங்கு.

கோடு: து = 0, இண்டெக்ஸ் 6 − 2 = 4. இரண்டு புள்ளி. இரண்டு புள்ளி வழியாக ஒரே ஒரு கோடு. ஆறாம் வகுப்புப் பாடம்.

இரண்டாம் படி வளைவு: 12 − 2 = 10. ஐந்து புள்ளி வழியாக ஒரு கூம்பு வளைவு. கருத்தரங்கில் நான் கோட்டைவிட்டது.

மூன்றாம் படி வளைவு, து = 1: 18 + 2 − 2 = 18, ஒன்பது புள்ளி; அட்ஜங்க்ஷன் 9 = 2 − 2 + 9, சுத்தமாகப் பதிகிறது. மூன்றாம் படி வளைவு, து = 0: இண்டெக்ஸ் 16, எட்டுப் புள்ளி; அட்ஜங்க்ஷன் ஒரு இடத்தில் தன்னைத்தானே வெட்டியே ஆக வேண்டும் என்கிறது. பொதுவாக வைத்த எட்டுப் புள்ளிகள் வழியாக இப்படிப்பட்டவை 12 உண்டு. நாலாம் படி வளைவுக்கு இதே கணக்கு 620. எல்லாப் படிகளுக்கும் இந்த எண்களை வரிசையாகத் தருவது 1990-களில் வந்த கொன்ட்செவிச்சின் சூத்திரம். இந்த எண்களில் மயங்கி வேறு பாதையில் போனவர்கள் உண்டு. போனால் தப்பில்லை, அதுவும் நல்ல ஊர்தான்.

ஐந்தாம் படி: கழித்தல் குறி வராது

சாதாரணப் பரப்புகள் வெட்டும்போது +1-உம் வரும், −1-உம் வரும். இரண்டு வெவ்வேறு ஜே-வளைவுகள் வெட்டினால் எப்போதும் கூட்டல் குறிதான். ஒரு புள்ளியில் முதல் வளைவின் திசை, அதன் ஜே-திருப்பம், இரண்டாம் வளைவின் திசை, அதன் ஜே-திருப்பம் ஆகிய நாலையும் வரிசையாக எழுதினால் அது எப்போதும் ஜே-யின் சொந்தச் சுற்று. தொட்டுக்கொண்டு போனால் குறைந்தது 2: மேலே பார்த்த (க, க²) வளைவு (க, 0) கோட்டைத் தொடுகிறது; கோட்டைத் துளி தூக்கினால் இரண்டு தனிப் புள்ளிகளாகப் பிரிகிறது. தொடுகிற சந்தர்ப்பத்தை எல்லா ஜே-க்கும் நிரூபிப்பது கொஞ்சம் முரடு. டூசா மெக்டஃப், மிகாலெஃப், வைட் ஆகியோர் செய்து முடித்துவிட்டார்கள். நீங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

இதன் பலத்தைப் பாருங்கள். த = −1, செ = 1, து = 0 உள்ள கோளம். இண்டெக்ஸ் 0, நகராது. அதே விலாசத்தில் இன்னொரு ஜே-கோளம் இருக்க முடியுமா? இருந்தால் இரண்டும் வெட்டும் எண்ணிக்கை −1 ஆக வேண்டும். வெட்டு எண்ணிக்கை குறையாக வராது என்று இப்போதுதான் சொன்னோம். எனவே ஒன்றுக்கு மேல் இல்லை. மூன்று வரியில் நிரூபணம்!

ஆறாம் படி: தறியில் உட்காருங்கள்

என் சொந்த ஊர் குடியாத்தம், அப்பா கைலித் தறி நெய்தவர். அதனால் இந்த உதாரணம் எனக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோளம் × கோளம் என்ற வெளியை எடுங்கள். முதல் கோளத்தின் நெடுக ஓடும் பிரதிகளைப் பாவு என்போம், இரண்டாவதன் நெடுக ஓடுபவற்றை ஊடை. இரண்டு பாவு இழைகள் வெட்டிக்கொள்ளாது: த = 0. ஒவ்வொரு ஊடையும் ஒவ்வொரு பாவையும் சரியாக ஒரு முறை கடக்கும்: வெட்டு எண் 1. பாவுக்கு செ = 2. இண்டெக்ஸ் 4 − 2 = 2, அதாவது ஒரு புள்ளியைக் கொடுத்தால் ஒரு இழை.

இது சாதாரண ஜே-க்கு வெளிப்படை. குரோமோவ் காட்டியது: இரண்டு கோளங்களுக்கும் சம பரப்பளவு இருந்தால், எந்த அடங்கிய ஜே-யை வைத்தாலும் இதே நெசவு இருக்கும். துணியை எவ்வளவு இழுத்தாலும் முறுக்கினாலும் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரே ஒரு பாவு, ஒரே ஒரு ஊடை, ஒவ்வொரு சோடியும் ஒரே இடத்தில் சந்திக்கும்.

ஏன்? ஜே-யை மெல்ல மாற்றிக்கொண்டே போங்கள். இழை காணாமல் போக இரண்டே வழி. ஒன்று, அது உடைய வேண்டும்; ஆனால் இந்த வெளியில் கோளங்களின் பரப்பளவெல்லாம் ஒரே அலகின் முழு மடங்கு, பாவு ஒரு அலகு. அதைவிடச் சின்னத் துண்டு கிடையாது, உடைய இடமில்லை. இரண்டு, சமன்பாடு சீர்கெட்டு இழை நழுவ வேண்டும். ஆனால் நாலு பரிமாணத்தில் பதிந்த வளைவுக்கு செ பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் சமன்பாடு தானாகவே சீராக இருக்கும், ஜே-யைக் குலுக்க, அதாவது துளி மாற்றிச் சரிசெய்ய, வேண்டியதில்லை (ஹோஃபர், லீசான், சிகோராவ் இதை 1997-இல் முழுமையாக எழுதினார்கள்). ஒரே புள்ளியில் இரண்டு பாவு வர முடியாது, வந்தால் த = 0 என்பதோடு மோதும். முடிந்தது.

பாவையும் ஊடையையும் கூட்டிய விலாசத்துக்கு த = 2, செ = 4, இண்டெக்ஸ் 6, மூன்று புள்ளி. மோபியஸ் உருமாற்றத்தை மூன்று புள்ளிகள் நிர்ணயிக்கும் என்று கலப்பெண் பாடத்தில் படித்தது ஞாபகம் வருகிறதா? அதன் வரைபடம்தான் இந்த வளைவு.

ஏழாம் படி: உடைவதைப் பார்த்துவிடுங்கள்

கோளங்களின் பரப்பளவு சமமாக இல்லாவிட்டால் பெரிய இழை உடையலாம். உடைவது எப்படியிருக்கும் என்று ஒரு முறையாவது கண்ணால் பாருங்கள். க-வை (க, சிறு எண் ÷ க) என்ற புள்ளிக்கு அனுப்புங்கள். வீழ்ப்புத் தளத்தில் இது இரண்டாம் படி வளைவு. சிறு எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் படம் (க, 0) என்ற கோடாகிறது. மற்றதெல்லாம் எங்கே போனது? க = 0 பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்து, க-வுக்குப் பதில் (சிறு எண் × புதிய மாறி) என்று எழுதினால் (0, 1 ÷ புதிய மாறி) என்ற இரண்டாவது கோடு தெரியும். ஒரு புள்ளிக்குள் ஒரு முழுக் கோளம் சுருண்டு கிடந்திருக்கிறது. சோப்பு நுரை ஊதும்போது ஒரு குமிழி இரண்டாகப் பிரிவது போல. குமிழி என்றே இதற்குப் பெயர்.

கணக்கு: பரப்பளவு 2 = 1 + 1. இண்டெக்ஸ் 10 இருந்த இடத்தில் 4 + 4 = 8. உடைந்தால் இரண்டு குறைகிறது. பரப்பளவு மொத்தம் மாறாததால் எல்லையில்லாமல் உடைய முடியாது என்பதே குரோமோவின் கச்சிதத் தேற்றம்.

எட்டாம் படி: பூசணிக்காயும் சோறும்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான் என்போம். குரோமோவ் அது முடியாது என்று நிரூபித்தார், சிம்ப்ளெக்டிக் உலகத்தில்.

நாலு பரிமாணப் பந்து ஒன்று. உருளை ஒன்று: முதல் தளத்தில் ஒரு வட்டத்தட்டு, இரண்டாவது தளம் முழுக்கத் திறந்த வெளி. உருளையின் கன அளவு முடிவில்லாதது. கன அளவை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றால் பந்தை இடியாப்ப அச்சில் மாவைப் பிழிவது போல எவ்வளவு மெல்லிய உருளைக்குள்ளும் பிழிந்துவிடலாம். ஒமேகாவைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பந்தின் ஆரம் உருளையின் ஆரத்தைத் தாண்டக் கூடாது.

நிரூபணம் இதுவரை சேர்த்த சாமான்களை வைத்தே. பந்து உருளைக்குள் போய்விட்டது என்று வையுங்கள். வட்டத்தட்டின் விளிம்பை மூடிக் கோளமாக்குங்கள், துளி பெரிதாக. இரண்டாவது தளத்தை ஒரு பெரிய வடைப் பரப்பாகச் சுருட்டுங்கள். பந்துக்குள் சாதாரண ஜே-யை வைத்து, வெளியே எப்படியாவது நீட்டுங்கள். வடைப் பரப்புக்குள் உருப்படியான கோளம் எதுவும் இல்லாததால் நம் இழை உடைய வழியில்லை. எனவே தறியில் பார்த்தது போலவே பந்தின் மையம் வழியாக ஒரு ஜே-கோளம் போகும். அதன் மொத்தப் பரப்பளவு உருளையின் வட்டத்தட்டைவிட ஒரு துளி அதிகம், அவ்வளவே. ஆனால் அதில் பந்துக்குள் இருக்கும் பகுதி மையம் வழியாகப் போகும், மூன்றாம் படியில் சொன்ன மாதிரி பரப்பளவை முடிந்தவரை குறைத்து வைத்திருக்கும் பரப்பு. அப்படிப்பட்டது பந்தின் குறுக்குத் தட்டைவிடச் சிறியதாக இருக்க முடியாது. ஆகவே பை × பந்தின் ஆரத்தின் வர்க்கம், பை × உருளையின் ஆரத்தின் வர்க்கத்தைத் தாண்டாது.

முதல் படியில் ஓரமாகக் குறிக்கச் சொன்னது இங்கே வருகிறது. உருளையின் வட்டத்தட்டு ஒரே துகளின் இடமும் உந்தமும் சேர்ந்த தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு துகளின் இடங்கள் சேர்ந்த தளத்தில் வைத்தால் தேற்றம் பொய்: இடங்களைப் பத்தில் ஒரு பங்காக்கி உந்தங்களைப் பத்து மடங்காக்கினால் ஒமேகா மாறாது, பந்து தாராளமாக நுழைந்துவிடும். வருடத்துக்கு ஒருவராவது என் மாடியில் இந்த இடத்தில் வழுக்குவார்.

இனிமேல்தான் பகுப்பாய்வு

இப்போது சோபலெவைத் திறக்கலாம். எந்தத் தேற்றம் எதற்கு என்று தெரிந்து படிப்பதால் பாதி நேரம்தான் ஆகும். போகும்போது ஒரு எச்சரிக்கையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரே இழையின் மேல் இரண்டு முறை ஓடும் வளைவுகள். மேலே பார்த்த −1 கோளத்தை இரட்டையாக மூடும் படங்களுக்கு செ = 2, இண்டெக்ஸ் 2. ஆனால் நிஜமாக எண்ணினால், கிளை பிரியும் இரண்டு புள்ளிகளை இஷ்டப்படி வைக்கலாம், ஆக 4 பரிமாணம். சூத்திரம் பொய் சொல்லவில்லை. இங்கே ஜே-யைக் குலுக்கியும் சீராக்க முடிவதில்லை. இந்தத் துறையின் நிஜமான தலைவலி முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. நாலு பரிமாணத்தில் பல நேரம் இதைத் தவிர்த்துவிடலாம் என்பதுதான் ஆறுதல்.

அதற்கு அப்பால் மூன்று சாலைகள். த பூஜ்யமோ அதற்கு மேலோ உள்ள ஒரே ஒரு பதிந்த சிம்ப்ளெக்டிக் கோளம் இருந்தால் மூடிய வெளி முழுவதையும் வகைப்படுத்திவிடலாம் என்று 1990-இல் மெக்டஃப் காட்டியது. 1990-களின் நடுவில் டாப்ஸ், ஜே-வளைவு எண்ணிக்கையை சைபர்க்–விட்டன் எண்களோடு (இயற்பியலிலிருந்து வந்த, நாலு பரிமாண வெளிகளை வேறுபடுத்தும் எண்கள்) இணைத்தது. ஹோஃபர் 1993-இல் ஓட்டை உள்ள வளைவுகளை வைத்து மூன்று பரிமாணத்தில் சுற்றுப்பாதைகளைத் தேடியது. இயந்திரவியல் பிடித்தவர்கள் மூன்றாவதைப் பிடியுங்கள்.

தனியாகப் படிப்பது கஷ்டம். கோடைப் பயிற்சிக்கு 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். (கணிதப் பயிற்சி, திறமை தேடல்) முகாம் இருக்கிறது. சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனமும் உண்டு. காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் பகல் சொற்பொழிவுக்குப் போய்ச் சேரலாம். கட்டுரைகளுக்கு ஆர்க்கைவ் தளம், காசில்லாமல். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கீழே உள்ள கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்.

வீழ்ப்புத் தளத்தில் ஆறு சிறு பந்துகளை வெட்டி எடுத்து, வெட்டுவாயை வட்டம் வட்டமாகச் சுருக்கித் தைத்துவிடுங்கள். இதற்கு ப்ளோ-அப் என்று பெயர். ஒவ்வொரு தையலும் ஒரு −1 கோளம்: த = −1, செ = 1. இரண்டு தையல்கள் வழியாகப் போகும் கோட்டுக்கு இப்போது த = 1 − 2 = −1, செ = 3 − 2 = 1; அதுவும் அதே இனம். ஐந்து தையல்கள் வழியாகப் போகும் கூம்பு வளைவுக்கு த = 4 − 5 = −1, செ = 6 − 5 = 1; அதுவும்தான். தையல்கள் 6, கோடுகள் 15, கூம்பு வளைவுகள் 6. மொத்தம் 27. மூன்றாம் படிச் சமன்பாட்டுப் பரப்பின் மேல் கெய்லியும் சால்மனும் 1849-இல் கண்ட 27 கோடுகள் இவைதான். இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்து, மற்ற 26-இல் எத்தனையை அது வெட்டுகிறது என்று எண்ணுங்கள். தையலில் தொடங்கினால் 5 கோடு, 5 கூம்பு வளைவு, 10 வரும். கூம்பு வளைவில் தொடங்கியும் 10 வருகிறதா என்று பார்த்துவிட்டு, வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு மாடிக்கு வாருங்கள்.